விரிதாட்கோப்புக்கு ஏற்ற நிரலகம் தெரிதல்

தோற்றுவாய்

எத்தொழிலைத் தொடங்குவோரும் அத்தொழிலுக்கேற்ற கருவியை முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும். வாய்ச்சியால் செதுக்கவேண்டிய மரத்தை உளியால் செதுக்கப் புகுந்த தச்சனுக்கு மரமும் கெடும், கருவியும் மழுங்கும், பொழுதும் வீணாகும். கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொண்டு எழுதப் புகுந்தது அன்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அதற்குரிய காரணத்தை முதற்கண் கூறுகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில், புதுவையிலுள்ள ஒரு பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குப் பெயரகராதி தொகுக்கும் பணியில் யானும் சேர்ந்தேன். ஏடுகள் நைந்துபோயிருந்தமையால், அவற்றை அடிக்கடி புரட்டாமல் வேண்டிய பெயரைக் கண்டுகொள்ள ஒரு பட்டியல் தேவைப்பட்டது. தொண்டர் சிலர் தத்தம் வீட்டுக் கணினியில் பதிவுகளைத் தட்டச்சுச் செய்து, விரிதாட்கோப்புகளாக அனுப்பினர். அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வரிசைப்படுத்தும் நிரலை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எனக்குச் சிறிது பைத்தான் மொழி தெரியும். முதலில் கைக்கு அகப்பட்ட நிரலகத்தை எடுத்து, ஒரே மாலையில் வேலையை முடித்துவிட்டேன். முடித்ததில் பெருமிதமும் கொண்டேன்.

சில நாட்களுக்குப்பின் முதியவர் ஒருவர் வந்தார். தம் பாட்டியாரின் ஞானஸ்நானப் பதிவு 1889ஆம் ஆண்டில் இருத்தல் வேண்டும் என்றும், அதன் பிரதி தமக்கு அவசியம் என்றும் கூறினார். பெயர் ‘சொ’ என்னும் எழுத்தில் தொடங்குவது. யான் பட்டியலில் தேடினேன், கிடைக்கவில்லை. ஆண்டு வரிசையில் பார்த்தேன், அங்கும் இல்லை. “பதிவு இல்லை, ஐயா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மனம் அமைதி பெறவில்லை. மறுநாள் பதிவேட்டையே திறந்து பார்த்தபோது அப்பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நம் பட்டியலிலும் அஃது இருந்தது. என் நிரல்தான் அதனை மறைத்து வைத்திருந்தது. முதியவர்க்குச் செய்தி அனுப்பி மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்ந்தபோது யான் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

புதுவைக்கு இஃது ஏன் பெரிது?

வேறோர் ஊரில் இதனைச் சிறுபிழை எனக் கருதலாம். நம் ஊரில் அவ்வாறு கருதுதல் இயலாது. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணையின்படி, இந்நாட்டவர் தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயரொன்றை ஏற்றுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்திற்கு உட்பட இடமளிக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956ஆம் ஆண்டில் கையெழுத்தான உடன்படிக்கை 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விடாது வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. ஆதலின் இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றிற்கு, பாட்டன் பாட்டி பிறந்த நாளும் பெயரெழுத்தும் பழங்கதை அல்ல. பேரப்பிள்ளைகளின் உரிமையோடு பிணைந்த விஷயம். பட்டியலில் ஒரு வரி மறைந்தால் ஒரு குடும்பத்தின் கிளை மறைந்ததற்கு ஒப்பாகும்.

விரிதாளின் இயல்பு

வரிசையும் நிரலுமாகக் கட்டம் கட்டிய கணக்கேட்டைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது 1979ஆம் ஆண்டில் வெளிவந்த விசிகால்க். டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985இல் மக்கின்டாஷ் கணினிக்கென மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் எக்செலை வெளியிட்டனர். இன்று அலுவலகம், பள்ளி, மருத்துவமனை எங்கும் அதுவே பெருவழக்காயிற்று.

எக்செல் கோப்பு இருவகைப்படும். பழையது எக்ஸ்.எல்.எஸ். என்னும் இறுதி பெற்றது. 65,536 வரிசையும் 256 நிரலுமே கொள்ளும். புதியது எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என்னும் இறுதி பெற்றது. எக்செல் 2007 முதல் வழங்குவது. 10,48,576 வரிசையும் 16,384 நிரலும் கொள்ளும். பழையதன் அளவை மறந்ததனால் விளைந்த கேட்டிற்கு 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்து சான்றாயிற்று. கொரோனா நோயுற்றோர் பட்டியலைப் பழைய வகைக் கோப்பில் ஏற்றியபோது, இடம் போதாமல் ஏறத்தாழ 16,000 பேரின் பதிவுகள் கணக்கில் சேராது நின்றுபோயின. அவர்களோடு பழகியவர்களை உரிய காலத்தில் எச்சரிக்க இயலவில்லை.

புதிய வகைக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், அது பல சிறு கோப்புகளை ஒன்றாய்ச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை என்பது விளங்கும். கட்டங்களின் மதிப்பு ஒரு கோப்பில் இருக்கும். சொற்கள் பெரும்பாலும் வேறொரு பொதுக்கோப்பில் இருக்கும். வண்ணமும் எண்ணின் தோற்றமும் மற்றொன்றில் இருக்கும். இம்மூட்டையை அவிழ்த்துப் படிப்பதும், இவ்வாறே புதிய மூட்டை கட்டுவதும் நிரலகத்தின் தொழில். லைப்ரரி என்று நிரலாளர் கூறுவது இதனையே. பிறர் எழுதி வைத்த நிரல்களின் தொகுதியை நாம் எடுத்தாளுகிறோம். ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதவேண்டுவதில்லை.

தெரிவதற்குரிய வினாக்கள்

நிரலகங்கள் பல உள்ளன. எது சிறந்தது என்று வினவுதல் பயனற்றது. என் பணிக்கு எது ஏற்றது என்று வினவுதலே முறை. அதற்கு ஐந்து வினாக்கள் உதவும்.

முதல் வினா: படிக்கவேண்டுமா, எழுதவேண்டுமா, உள்ளதைத் திருத்தவேண்டுமா? பைத்தான் மொழியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டர் என்னும் நிரலகம் புதிய கோப்பை எழுதும். எழுதுவதில் தலைப்பு, வண்ணம், வரைபடம் ஆகிய அனைத்தையும் அழகுற அமைக்கும். ஆயினும் ஒரு கோப்பையும் படிக்காது. ஓப்பன்பைஎக்செல் என்பது படிக்கவும் எழுதவும் வல்லது. அதனைக் கொண்டு பிறர் செய்த கோப்பைத் திறந்து அதே பெயரில் சேமிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். அது அறியாத உருவங்கள் அக்கோப்பில் இருந்தால் அவை அழிந்துபோம். மூலத்தை ஒருபோதும் மேலெழுதாதிருத்தலே நலம்.

இரண்டாம் வினா: கோப்பு எவ்வகையினது? எக்ஸ்எல்ஆர்டி என்னும் நிரலகம் முன்பு இருவகைக் கோப்பையும் படித்து வந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல் அது பழைய எக்ஸ்.எல்.எஸ். வகையை மட்டுமே படிக்கின்றது. பழைய பாடப் புத்தகத்தைப் பார்த்து நிரல் எழுதிய பலர் இதனால் திகைத்தனர். நம் தொண்டர் இருவர் பழைய கணினியிலிருந்து அனுப்பிய கோப்புகளுக்கு இதுவே ஏற்றது, மற்றவற்றிற்கு ஓப்பன்பைஎக்செல்.

மூன்றாம் வினா: கோப்பு எவ்வளவு பெரிது? ஓப்பன்பைஎக்செல் சாதாரண முறையில் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும். கோப்பின் அளவைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு இடம் கொள்ளும் என்று அதன் விளக்கவுரையே கூறுகின்றது. பெரிய கோப்புக்கு, ஒவ்வொரு வரிசையாகப் படித்துச் செல்லும் ‘படிப்புமட்டும்’ என்னும் முறை அதில் உண்டு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டரிலும் எழுதிய வரிசையை உடனே வட்டில் இறக்கிவிடும் முறை உண்டு. ஒரு பங்கின் பதிவேட்டிற்கு இவை வேண்டுவதில்லை. லட்சக்கணக்கான வரிசைகளுக்கு இன்றியமையாதவை.

நான்காம் வினா: கணக்கிட்ட விடை வேண்டுமா? கட்டத்தில் சூத்திரம் இருந்தால், கோப்பில் அச்சூத்திரமும் எக்செல் கடைசியாகக் கணக்கிட்ட விடையும் இரண்டும் இருக்கும். மேற்கூறிய நிரலகங்கள் தாமே கணக்கிடா. நிரலால் எழுதப்பெற்று எக்செலில் ஒருமுறையும் திறவாத கோப்பைப் படித்து விடையைத் தேடினால், வெறுமையோ சுழியமோ கிடைக்கும். ஆதலின் கூட்டலும் எண்ணலும் நம் நிரலிலேயே செய்து, விடையை மட்டும் தாளில் எழுதுதல் தக்கது.

ஐந்தாம் வினா: அந்நிரலகத்தை யார் பேணுகின்றனர்? எந்த உரிமத்தின்கீழ் வழங்குகின்றனர்? பிஎச்பி மொழியில் நெடுங்காலம் வழங்கிய பிஎச்பிஎக்செல் கைவிடப்பட்டு, அதன் வழித்தோன்றலாகிய பிஎச்பி ஸ்ப்ரெட்ஷீட் இன்று வழங்குகின்றது. டாட்நெட் உலகில் பேர்பெற்ற இபிபிளஸ், 2020இல் ஐந்தாம் பதிப்போடு தன் உரிமத்தை மாற்றியது. வணிகத்திற்கு அதனைப் பயன்படுத்துவோர் பணம் கொடுக்கவேண்டியதாயிற்று. ஜாவா மொழியினர்க்கு அப்பாச்சி அறக்கட்டளையின் பி.ஓ.ஐ. இருவகைக் கோப்புக்கும் துணை நிற்கின்றது. யான் கூறிய ஓப்பன்பைஎக்செலும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டரும் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமம் உடையன.

பாண்டாஸ் என்னும் நிரலகத்தைப் பற்றியும் ஒரு சொல். யான் முதன்முதல் கையாண்டது அதுவே. ஒரே வரியில் கோப்பைப் படித்துத் தருவது அதன் சிறப்பு. உண்மையில் அது தானே படிப்பதில்லை. எக்ஸ்எல்ஆர்டி, ஓப்பன்பைஎக்செல் முதலியவற்றை ஏவிப் படிப்பிக்கின்றது. மேலும், நாம் கேளாமலே ஒவ்வொரு நிரலின் வகையையும் ஊகிக்கும், ‘என்.ஏ.’ என்பதற்குரிய ஆங்கில எழுத்திரண்டைக் கண்டால் வெற்றிடம் என்று கொள்ளும். புள்ளியியல் ஆய்வுக்கு இவை நலம் பயப்பன. பெயர்ப் பட்டியலுக்கு அவ்வாறல்ல. எல்லாவற்றையும் எழுத்தாகவே படிக்கவேண்டும் என்று அதற்கு முன்னரே கட்டளையிடவேண்டும். யான் அவ்வாறு இடவில்லை.

நாள்களின் சிக்கல்

ஏடு பெயர்த்தெழுதுவோருள் இருதிறத்தார் உளர். ஒருவர் பொருள் விளங்காவிடினும் கண்டதைக் கண்டவாறே எழுதுவார். மற்றவர் தமக்கு விளங்கியதாக எண்ணித் திருத்தி எழுதுவார். பதிப்பாசிரியர்க்கு முன்னவரே பெருந்துணை. பின்னவரால் விளையும் இடர் பெரிது. எக்செல் இரண்டாம் வகையினரைச் சேர்ந்தது. மரபணுக்களின் பெயர்கள் சில, ஆங்கிலத் திங்கட்பெயர்போல் தோன்றியமையால் எக்செல் அவற்றை நாளாக மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை உண்டு என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் அறிஞர்கள் அம்மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

எக்செலில் நாள் என்பது உண்மையில் ஓர் எண். 1900ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் 1 எனத் தொடங்கி எண்ணிச் செல்லும். கட்டத்தின் தோற்றக் குறிப்பைக் கொண்டே அஃது எண்ணோ நாளோ என்று அறியவேண்டும். 1900க்கு முற்பட்ட நாள் அதற்குக் கிடையாது. அத்தகைய நாளை எழுதினால் வெறுஞ்சொல்லாகவே நிற்கும். ஆகவே நம் பதிவேட்டில் 1912ஆம் ஆண்டுப் பதிவு எண்ணாகவும், 1889ஆம் ஆண்டுப் பதிவு சொல்லாகவும் ஒரே நிரலில் கலந்து நின்றன. ஏறுவரிசையில் எண்கள் முன்னும் சொற்கள் பின்னும் வரும். பாட்டியின் பதிவு பேரன்மார் பதிவுக்கும் பின்னே போய் மறைந்த காரணம் இதுவே.

இன்னும் ஒரு குறை உண்டு. 1900ஆம் ஆண்டு நெட்டாண்டு அன்று; ஆயினும் லோட்டஸ் 1-2-3இன் தவற்றை வழிமொழிந்து, எக்செல் அவ்வாண்டில் பிப்ரவரி 29 என்னும் இல்லாத நாளை எண்ணிக்கொண்டது. லிபர் ஆபீஸ் வேறோர் அடிநாளைக் கொண்டு எண்ணுகின்றது. ஆதலின் 1900ஆம் ஆண்டின் முதலிரு திங்களுக்கு ஒரே எண் இரண்டிலும் ஒருநாள் வேறுபட்டுத் தோன்றும். பிறந்தநாள் பதிவில் ஒருநாள் பிழையும் பிழையே.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. நாளை நாளாக எழுதாமல், ஆண்டு, திங்கள், தேதி என மூன்று நிரலில் மூன்று எண்களாக எழுதுதல் வேண்டும். அப்போது எந்த நிரலகமும் திருத்தப் புகாது, வரிசையும் கெடாது. பிரெஞ்சு முறையில் தேதி முன்னும் அமெரிக்க முறையில் திங்கள் முன்னும் வருதலால் நேரும் மயக்கமும் ஒழியும்.

எழுத்தின் சிக்கல்

பனையோலையில் புள்ளியிடாமல் எழுதியதனாலும், குற்றெழுத்து நெட்டெழுத்து வேறுபாடு காட்டாமையாலும் பழைய பதிப்பாசிரியர் பட்ட பாட்டை நாம் வகுப்பில் கேட்டிருக்கிறோம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் நிலைநிறுத்தியவர் வீரமாமுனிவர் என்பது மரபு. கணினியிலும் அதனை ஒத்த சிக்கல் உண்டு. ஒருங்குறியில் ‘சொ’ என்பதைச் சகரத்தின்பின் ஒரே உயிர்க்குறியால் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. முதியவர் கூறிய பெயரை யான் ஒருவகையால் தட்டித் தேடினேன். தொண்டர் மற்றொரு வகையால் எழுதியிருந்தார். எந்த விரிதாள் நிரலகமும் இதனைச் சரிசெய்து தராது. பைத்தான் மொழியுடன் வரும் ஒருங்குறித் தொகுதியில், இருவடிவையும் ஒன்றாக்கும் கட்டளை உண்டு. ஒவ்வொரு பெயரையும் படித்தவுடன் அதனூடே செலுத்துதல் வேண்டும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டெழுதினால் மட்டும் அக்கட்டளையும் உதவாது. அதனை நாமே தேடித் திருத்தவேண்டும்.

அகரவரிசையும் இத்தகையதே. ஒருங்குறி எண்வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. உயிர்க்குறி ஏற்ற எழுத்துக்கெல்லாம் பின்னே புள்ளியெழுத்து நிற்கின்றது. நம் அகராதி மரபு வேறு. பெயரகராதியைத் தமிழர் தேடும் முறையில் அடுக்கவேண்டுமாயின், அவ்வரிசையை நம் நிரலிலேயே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

சோதித்தறிதல்

இவ்வளவும் கற்றபின் யான் ஒரு சோதனைத் தாள் செய்தேன். அதில் பத்துப் பதிவுகள்: இருவகையாக எழுதிய ‘சொ’, பிரெஞ்சு எழுத்து மேற்குறியுடன் கூடிய குடும்பப் பெயர், 1889ஆம் ஆண்டு நாள், 1900 சனவரி நாள், சுழியத்தில் தொடங்கும் பதிவெண், சமக்குறியில் தொடங்கும் குறிப்பு, வெற்றிடம், இன்னும் சில. ஒவ்வொரு நிரலகத்தாலும் எழுதி, மீண்டும் படித்து, எழுதியதும் படித்ததும் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தேன். எந்த விளம்பரத்தையும்விட இச்சிறு சோதனை பெருந்தெளிவு தந்தது. மூலக்கோப்பில் எத்தனை வரிசை, முடிவில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்க்கும் வழக்கத்தையும் மேற்கொண்டேன். இங்கிலாந்தில் நேர்ந்த இடரை முதல் நாளே காட்டியிருக்கக்கூடியது இவ்வெண்ணிக்கைதான்.

முடிவில் யான் கொண்டவை இவை: பழைய கோப்பைப் படிக்க எக்ஸ்எல்ஆர்டி, புதிய கோப்பைப் படிக்க ஓப்பன்பைஎக்செல், செம்மையான பட்டியலைப் புதிதாக எழுத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டர். மூன்றன் பதிப்பெண்ணையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பின்வருவோர் அதே கருவியோடு அதே பணியைத் தொடர்தல் வேண்டும் அன்றோ? அதனோடு, எளிய எழுத்துக் கோப்பாக ஒரு படியும் வைத்தோம். எக்செலே மறைந்த ஒரு காலத்திலும் அதனைப் படிக்கலாம்.

முடிபு

நம் ஊர் ஏடுகளைப் பேணிய ஊர். 1827இல் தொடங்கிய பொது நூலகம் இங்கு உண்டு. 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்பெறும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவ்வோலைகளை எழுதியவர் பெயர் பலவும் நமக்குத் தெரியா. அவர் எழுத்து நிற்கின்றது. நாம் தட்டச்சிடும் பட்டியல்களும் அவ்வாறு நிற்கவேண்டுமாயின், கருவியைத் தெரிந்தெடுக்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

விரிதாள் கற்கும் இளைய மாணவர்க்கு யான் கூறுவது ஒன்றே: ‘எது எளிது’ என்று கேட்டு நிறுத்தாமல், ‘எது கண்டதைக் கண்டவாறே காக்கும்’ என்றும் கேளுங்கள். அம்முதியவர் மறுவாரம் வந்து பிரதியைப் பெற்றுக்கொண்டபோது, பாட்டியின் பெயரைத் தம் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவ்வெழுத்துகளை இனி எந்த நிரலாலும் மறைக்கமாட்டேன் என்று அன்று யான் உறுதிகொண்டேன்.